மின்சாரக் காரின் பற்றரி சூடேறினால்: யாரை முதலில் இறக்குவது?

கடந்த ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மதியம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி நோக்கி ஏ9 வீதியில் வந்துகொண்டிருந்தேன். பின் ஆசனத்தில் பெரியம்மா. 2009 இல் எறிகணை பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலைத் திருத்துவதற்காகத்தான் அன்று யாழ்ப்பாணம் போயிருந்தோம். புதிதாகப் போட்ட கால் உறுத்துகிறது என்று சொல்லி, கொடிகாமம் தாண்டியதும் அதைக் கழற்றி ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

எழுதுமட்டுவாளைக் கடந்து முகமாலையை நெருங்கும்போது கார் இழுக்க மறுத்தது. அக்சிலேற்றரை மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. ஸ்ரேரிங்குக்கு முன்னால் உள்ள திரையில் பற்றரியின் வெப்பத்தைக் காட்டும் கோடுகள் சிவப்புப் பகுதியைத் தொட்டிருந்தன. மஞ்சள் நிற எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரிந்தது.

"என்ன மோனை, கார் முக்குது?" என்றார் பெரியம்மா.

"பற்றரி சூடாம். இருங்கோ, ஓரமா விடுறன்" என்றேன்.

காரை ஓரம் கட்டி இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, முன்பக்க மூடியைத் திறந்தது. அடுத்ததாகத் தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன். இரண்டும் பயனற்ற வேலைகள். என் கை பழைய காலத்துப் பழக்கத்தில் இயங்கியது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கார் கொதித்தால் மூடியைத் திறப்பார்கள், ஈரச்சாக்குப் போடுவார்கள், ஆறியதும் றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவார்கள். மின்சாரக் காரில் கொதிக்கும் பொருள் முன்னால் இல்லை. அது ஆசனங்களுக்குக் கீழே, தளத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்ட பெட்டிக்குள் இருக்கிறது. அதாவது, பெரியம்மா அதன் மேல்தான் இருந்தார்.

அன்று எதுவும் எரியவில்லை. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் காத்திருந்து, மெதுவாக ஓடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பது தெரிந்தது. காருக்குள் இருப்பது பாதுகாப்பா, இறக்குவதா, எவ்வளவு தூரம் போவது, எந்தப் பக்கம் போவது? அதன்பிறகு கராஜ்களில் கேட்டும், வாகனக் கையேடுகளையும் தீயணைப்பாளர்களுக்கான வழிகாட்டிகளையும் வாசித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏன் சூடாகிறது?

2022 இல் பெற்றோல் வரிசைகளில் நாள்கணக்காக நின்ற பின்னர்தான் எங்களில் பலர் மின்சாரக் காரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை புதிய கார்கள் பெரிதாக வரவில்லை. ஆகவே வடக்கில் பலர் வாங்கியவை பத்து வருடம் ஓடிய, இரண்டு மூன்று கை மாறிய கார்கள். என்னுடையதும் அப்படித்தான். எந்தக் கம்பனியின் கார் என்பது இங்கே முக்கியமில்லை. பழைய பற்றரி என்பதுதான் முக்கியம்.

பற்றரிக்குள் மின்சாரம் ஓடும்போது, உள்ளே இருக்கும் தடையினால் ஒரு பகுதி வெப்பமாக மாறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும். பற்றரி பழசாகப் பழசாக உள்தடையும் கூடும். ஆகவே ஒரே வேகத்தில் ஓடினாலும் பழைய பற்றரி புதியதைவிடக் கூடுதலாகச் சூடேறும். விரைவு சார்ஜ் செய்யும்போது பெரிய மின்னோட்டம் உள்ளே போகிறது. அப்போது ஏறிய சூடு இறங்குவதற்கு முன்னரே வேகமாக ஓடினால், சூட்டின் மேல் சூடு ஏறும்.

நான் அன்று செய்தது அதுதான். காலையில் யாழ்ப்பாணம் வந்ததும் ஒரு விரைவு சார்ஜ். பருத்தித்துறைக்கு ஒரு அலுவலாகப் போய் வந்து, புறப்படுமுன் இன்னொரு விரைவு சார்ஜ். பிறகு உச்சி வெயிலில், கொதிக்கும் தாரின் மேல் எண்பதில் ஓட்டம்.

லிதியம் அயன் பற்றரிக்கு வசதியான வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. எங்கள் ஊரில் ஓகஸ்ட் மாதத்து மதிய நேரக் காற்றே இந்த எல்லையைத் தொட்டுவிடும். புதிய கார்கள் பலவற்றில் பற்றரிப் பெட்டிக்குள் குளிர்திரவம் ஓடும் குழாய்கள் உண்டு. ஏசி இயந்திரமே அந்தத் திரவத்தையும் குளிர்விக்கும். பழைய கார்கள் சிலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. முதல் தலைமுறை நிசான் லீஃப் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனப் பகுதியில் அந்தக் கார்களின் பற்றரிகள் வேகமாகக் கொள்ளளவை இழப்பதாக 2012 இல் உரிமையாளர்கள் முறையிட்டார்கள். பின்னர் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேதியியலுடன் புதிய பற்றரி வந்தது. குளிர்திரவம் இல்லாத பற்றரி சுற்றியுள்ள காற்றுக்குத்தான் சூட்டைக் கொடுக்க முடியும். அந்தக் காற்றும் சூடாக இருந்தால் ஆறுவதற்கு மணிக்கணக்காகும். பற்றரியின் எடை ஏறத்தாழ 300 கிலோ. அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய கிடாரம் எவ்வளவு நேரம் சூட்டை வைத்திருக்கும் என்று சமைத்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வகைச் சூடு

எல்லாவற்றுக்கும் முதல் விளங்கவேண்டியது இதுதான். 'பற்றரி சூடு' என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு நிலைமைகளை.

முதலாவது, எனக்கு நடந்தது. கோடுகள் ஏறும், விளக்கு எரியும், கார் தானாகவே வலுவைக் குறைக்கும். பற்றரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை இது. கார் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 'என்னை விடு, களைத்துவிட்டேன்' என்று அது சொல்கிறது.

இரண்டாவது, ஆபத்தானது. பற்றரிக்குள் நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரக்கணக்கில் சிறு கலங்கள் இருக்கும். ஒரு கலம் உற்பத்திக் குறையாலோ, விபத்தில் நசுங்கியோ, தண்ணீர் புகுந்தோ உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்டால், அது தன் சூட்டினாலேயே மேலும் சூடாகும். இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஏறத்தாழ 130 பாகையில் உருகத் தொடங்கும். அதன்பின் வெளியிலிருந்து எந்த மின்சாரமும் தேவையில்லை. ஒரு கலம் பக்கத்துக் கலத்தைச் சூடாக்கும், அது அடுத்ததை. காரை நிறுத்தினாலும், சாவியை எடுத்தாலும் இது நிற்காது.

இந்த இரண்டாவது வகை அரிது. பல நாடுகளின் பதிவுகளின்படி பெற்றோல் கார்களோடு ஒப்பிட்டால் மின்சாரக் கார்கள் தீப்பிடிப்பது குறைவு. ஆனால் பிடித்தால் அணைப்பது கடினம். ஆகவே பயப்படத் தேவையில்லை, தெரிந்து வைத்திருக்கத் தேவை.

எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தால்

புகை இல்லை, மணம் இல்லை, சத்தம் இல்லை, வலு மட்டும் குறைகிறது என்றால் பதறாதீர்கள். சடுதியாகப் பிறேக் அடிக்காதீர்கள். ஆபத்துச் சமிக்ஞை விளக்குகளைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே வேகத்தைக் குறைப்பதே பற்றரிக்குக் கொடுக்கும் முதல் ஓய்வு.

பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்துங்கள். நிழல் நல்லது. ஆனால் காய்ந்த புல், சருகு, வைக்கோல் மேல் நிறுத்த வேண்டாம். கடைத் தாழ்வாரத்தோடும் வீட்டுச் சுவரோடும் ஒட்டி நிறுத்த வேண்டாம். நிறுத்திய பின்னரும் உள்ளே விசிறிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். குளிர்திரவம் உள்ள கார்கள் நின்ற பின்னும் தம்மைக் குளிர்விப்பதுண்டு. திரையில் வரும் அறிவுறுத்தலை வாசித்து அதன்படி செய்யுங்கள்.

சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். 'பக்கத்தில் சார்ஜ் நிலையம் இருக்கிறது, அங்கே போய் ஓய்வெடுப்போம்' என்று நினைத்து விரைவு சார்ஜில் செருகினால், கொதிக்கும் பானைக்கு இன்னொரு விறகு வைத்ததாகும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். பற்றரி மூடிய உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் அதன் உட்சூட்டை இறக்காது. குளிர்திரவத் தாங்கி உள்ள கார் என்றால், சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை அதற்குள் நிரப்பவும் வேண்டாம். அதற்கென்று குறிப்பிட்ட திரவம் இருக்கிறது.

பிறகு காத்திருங்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு கோடுதான் இறங்கும். அது இயல்பு. மஞ்சள் விளக்கு அணைந்து, கோடுகள் சிவப்பைவிட்டு இறங்கினால் நாற்பது, ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓடலாம். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, 'வாகனத்தை நிறுத்துக' என்று திரை சொன்னாலோ மீண்டும் ஓட்டாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். சில்லுகள் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். நான்கு சில்லுகளும் நிலத்தில் படாமல் லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

புகை, மணம், சத்தம் இருந்தால்

காருக்கு அடியிலிருந்து வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வருகிறது. நீராவி என்று தோன்றும், ஆனால் நீராவி அல்ல. சீறும் சத்தம், அல்லது சோளம் பொரிவது போல வெடிக்கும் சத்தம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற இனிப்புக் கலந்த மணம், அல்லது பிளாஸ்ரிக் கருகும் மணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இது இரண்டாவது வகை. விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

நிறுத்துங்கள், காரை அணையுங்கள், எல்லோரும் இறங்குங்கள். கைப்பை, ஆவணங்கள், மருந்துப் பை எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள். ஆவணம் இழந்தவர்களின் வலி எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அந்தக் கோப்பைத்தான் முதலில் எடுத்தோம். ஆனால் இங்கே அதை விடத்தான் வேண்டும்.

குறைந்தது 30 மீற்றர் தள்ளிப் போங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகப் போங்கள், புகை உங்களை நோக்கி வரக்கூடாது. அந்தப் புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. அது எரியக்கூடியதும்கூட. அடைத்த கராஜுக்குள் நிறைந்தால் வெடிக்கலாம்.

இங்கே எங்கள் பிரதேசத்துக்கு மட்டும் உரிய ஒரு விடயம். வெளிநாட்டு வழிகாட்டிகள் 'வீதியை விட்டு விலகிச் செல்லுங்கள்' என்று எழுதுகின்றன. அன்று நானும் நிழல் தேடிப் பற்றைக்குள் இறங்கப் பார்த்தேன். காருக்குள் இருந்தபடியே பெரியம்மா கத்தினார்: "உங்கால இறங்காத! மிதிவெடி கிடந்த இடமடா!" முகமாலை பல வருடங்கள் முன்னரங்கமாக இருந்த நிலம். கண்ணிவெடி அகற்றுபவர்கள் ஆண்டுக்கணக்காக வேலை செய்த இடம். இப்படியான இடங்களில் வீதியோரமாகவே, தார் வீதியை ஒட்டியே நடந்து தூரம் போங்கள். வரும் வாகனங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். பற்றைக்குள் போகாதீர்கள்.

தூரம் போன பிறகு 110 க்கோ, பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கோ அழையுங்கள். காயமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 1990 இலவச அம்புலன்ஸ். 'மின்சாரக் கார்' என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். காரின் செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது, தீயணைப்பாளர்கள் அதற்கு ஏற்ற மாதிரி வரவேண்டும். பற்றரித் தீயைச் சிறிய தீயணைப்புக் கருவியால் அணைக்க முடியாது. அதற்குத் தேவை நிறையத் தண்ணீர், தொடர்ந்து நீண்ட நேரம், கலங்களின் சூடு இறங்கும்வரை. பல ஆயிரம் லீற்றர் வேண்டியிருக்கும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்த இரவை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரில் தீயணைப்பு வாகனம் இல்லாமல் கடைகள் சாம்பலாகின. இன்றும் வன்னியின் உட்கிராமம் ஒன்றுக்கு உதவி வந்து சேர நேரமெடுக்கும். அந்த நேரத்தில் நாம் செய்யவேண்டியது அணைக்க முயல்வதல்ல, ஆட்களைத் தூர வைத்திருப்பது. வேடிக்கை பார்க்க வருபவர்களையும் சேர்த்து.

அணைந்த பின்னும் கதை முடியாது. பற்றரி மணித்தியாலங்கள் கழித்து, சில வேளை நாட்கள் கழித்து, மீண்டும் பற்றிக்கொள்ளலாம். அந்தக் காரை வீட்டிலிருந்தும் ஏனைய வாகனங்களிலிருந்தும் 15 மீற்றராவது தள்ளி வெளியில் வைக்க வேண்டும்.

இறங்க முடியாதவர்கள்

சீனா 2021 முதல் நடைமுறைப்படுத்திய பற்றரிப் பாதுகாப்பு விதி ஒன்று, ஒரு கலம் கட்டுப்பாடு இழந்தால் பயணிகள் இருக்கும் பகுதிக்கு ஆபத்து வருவதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்னர் கார் எச்சரிக்க வேண்டும் என்றது. எங்களிடம் உள்ள பழைய கார்களுக்கு அந்த வாக்குறுதி இல்லை. இருந்தாலும் 5 நிமிடம் யாருக்குப் போதும்? இரண்டு காலும் உள்ளவருக்குப் போதும்.

எங்கள் வீடுகளில் கால் இழந்தவர்கள், இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்கள், பார்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கிளினிக்குக்கும் கந்தோருக்கும் அவர்களைக் கொண்டுபோகத்தான் பலர் காரே வாங்கினோம். ஆகவே இதை முன்கூட்டியே யோசியுங்கள்.

அவர் எந்தப் பக்கம் இருக்கிறார்? எங்கள் நாட்டில் வீதியோரம் இடது பக்கம். அவரை இடது பின் ஆசனத்தில் இருத்தினால் வாகனங்கள் பாயும் பக்கமாக இறக்க வேண்டியதில்லை. அன்று பெரியம்மா வலது பக்கம் இருந்தார். செயற்கைக் கால் கழற்றியிருந்தால் அதைத் தேடி மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, தூக்கித்தான் இறக்க வேண்டும். யார் தூக்குவது, எப்படிப் பிடிப்பது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். ஊன்றுகோல் டிக்கிக்குள் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின் கதவின் சிறுவர் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. சில புதிய கார்களில் கதவுக் கைப்பிடி மின்சாரத்தில் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் கையால் திறக்கும் நெம்பு எங்கே என்று இன்றே தேடிப் பழகுங்கள்.

வெள்ளமும் வீட்டுச் சார்ஜும்

2022 இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் சூறாவளி தாக்கியபின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, வெள்ளம் வடிந்த பின்னர் தீப்பிடித்தன. உப்புநீர் பற்றரிக்குள் புகுந்து காய்ந்தால், படியும் உப்பு மின்சாரத்துக்குப் பாலம் போடும். கடல்நீரேரிகளுக்கு நடுவே வாழும் நமக்கு இது முக்கியம். கார் மூழ்கியிருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குத் தள்ளி நிறுத்தித் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

வீட்டில் சார்ஜ் செய்பவர்கள் நீட்டு வயரைப் பாவிக்க வேண்டாம். கேத்தல் ஐந்து நிமிடம் இழுக்கும் மின்சாரத்தைக் கார் இரவு முழுக்க இழுக்கும். யுத்தத்துக்குப் பின் கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் வயரிங் எந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டது என்று மின்னியலாளர் ஒருவரிடம் கேளுங்கள். பிளக்கைக் கையால் தொட்டால் சுடுகிறதென்றால் உடனே நிறுத்துங்கள். பற்றரி ஓட்டோவையும் ஸ்கூட்டரையும் இரவில் வாசலை மறித்து வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான். பழைய பற்றரிக்குள் சில கலங்களை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம், எந்தக் கலம், எங்கிருந்து எடுத்தது, கொள்ளளவு பொருந்துகிறதா என்று கேட்டபின் முடிவெடுங்கள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் ஒரே நாளில் இரண்டு தடவை விரைவு சார்ஜ் போடுவதில்லை. வெயில் காலத்தில் விடியற்காலையில் புறப்படுகிறோம். பெரியம்மா இடது பக்கம் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வளவுக்குள் காரை நிறுத்தி, அவரை இறக்கி வேலியடிக்குக் கொண்டுபோகப் பழகினோம். முதல் தடவை ஒன்றரை நிமிடம் எடுத்தது. கதவு சரியாகத் திறபடவில்லை, ஊன்றுகோல் இடறியது, அவர் சிரித்துவிட்டார். நான்காவது தடவை அரை நிமிடத்துக்குள் முடிந்தது.

"பங்கருக்குள்ள இறங்கப் பழகின மாதிரிக் கிடக்குது" என்றார். அதன்பின் கார் ஏறினால் எவ்வளவு உறுத்தினாலும் வீடு வரும்வரை காலைக் கழற்றுவதில்லை.